தலையில் அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு வரும் சிக்கல்கள்

தலையில் அடிபட்டு ஐ.சி.யூ.வில் கிடந்தவர் கண் திறந்து, கேட்டால் பேரைச் சொல்லி, வெண்டிலேட்டர் இல்லாமல் மூச்சு விட்டு, ஒரு நாள் டிஸ்சார்ஜும் ஆகிவிட்டால் வீட்டில் எல்லாரும் நினைப்பது ஒன்றுதான், கண்டம் தாண்டியாச்சு. பாடலீஸ்வரர் கோயிலில் ஒரு அர்ச்சனை, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன், அப்புறம் சத்தாகச் சாப்பாடு கொடுத்தால் ஆள் தேறிவிடுவார் என்ற நம்பிக்கை. நிறைய பேர் அப்படித் தேறியும் விடுகிறார்கள். ஆனால் கடலூர், புதுச்சேரி பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இன்னொன்று. மூன்றாம் வாரத்திலோ ஆறாம் மாதத்திலோ இரண்டாம் வருஷத்திலோ ஒரு சிக்கல் வருகிறது, அதை யாரும் எதிர்பார்த்திருப்பதில்லை, வந்த பிறகும் அந்தப் பழைய அடியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வயசாகிவிட்டது என்கிறார்கள். திமிர் என்கிறார்கள், சோம்பேறித்தனம் என்கிறார்கள், காத்து கருப்பு என்று மந்திரிக்கக்கூடக் கூட்டிப் போகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை டாக்டரிடம் காட்டினால் சரியாகக்கூடியவை, அல்லது குறைந்தபட்சம் கட்டுக்குள் வைக்கக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், அது பிடிபட்டால் மற்றது எளிது. வண்டியிலிருந்து விழும்போது தலை தரையில் மோதி நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் மூளை உடனே நிற்பதில்லை. முன்னும் பின்னும் போய் எலும்பில் இடித்துக்கொள்கிறது, தலை சுழன்று திரும்பும்போது அதன் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டு அறுகின்றன. இது முதல் காயம், அதை எந்த டாக்டராலும் இல்லாமல் ஆக்க முடியாது. அடுத்த சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை நடப்பது இரண்டாவது காயம். மூளை வீங்கும், ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும், பிபி இறங்கினாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ பிழைத்திருக்க வேண்டிய செல்களும் சாகும். மண்டையோடோ விரிந்து கொடுக்காது. உள்ளே மூளை, ரத்தம், சுமார் 150 மில்லி மூளை நீர், இந்த மூன்றுக்கும்தான் இடம் உண்டு. கூடுதலாக ஒரு ரத்தக்கட்டு வந்து உட்கார்ந்தால் அழுத்தம் ஏறி மூளையையே கீழ்நோக்கித் தள்ளும். படுத்திருக்கும் ஆளுக்கு இந்த அழுத்தம் சாதாரணமாக 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். 22-ஐத் தாண்டினால் குறைக்க வழி பார்க்க வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல். ஐ.சி.யூ.வில் மருந்து கொடுத்துத் தூங்க வைப்பது, தலைப்பக்கம் கட்டிலை 30 டிகிரி உயர்த்துவது, வீக்கத்தை வற்றவைக்கும் மேனிட்டால் மருந்து ஏற்றுவது என்று நடக்கும் அத்தனையும் இந்த இரண்டாவது காயத்தைத் தடுக்கத்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜி.சி.எஸ். என்று ஒரு வரி இருக்கும், இ4 வி5 எம்6 என்பது மாதிரி. கிளாஸ்கோ நகரத்து நரம்பு அறுவை மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்க 1974-இல் வகுத்த அளவு அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. 13-லிருந்து 15 வரை லேசான காயம், 9-லிருந்து 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்கு இது எவ்வளவு இருந்தது என்பதைத் தேடிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.

முதல் மணி நேரங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ரெட்டிச்சாவடி தாண்டினால் முள்ளோடை, கன்னியக்கோயில், அங்கே மதுக்கடைகள். ராத்திரி அந்தச் சாலையில் வண்டியோடு விழுந்து கிடப்பவரிடம் போகிறவர்கள் முதலில் முகர்ந்து பார்ப்பது சாராய வாடையைத்தான். வாடை அடித்தால் ‘போதை, தெளிஞ்சா எழுந்திருப்பான்’ என்று ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுப் போகிறார்கள், வீட்டுக்குத் தூக்கி வந்தாலும் திண்ணையில் கிடத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். குழறுகிற பேச்சு, வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், இவை எல்லாம் போதையிலும் வரும், மண்டைக்குள் ரத்தம் கட்டினாலும் வரும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, டாக்டராலேயே சி.டி. ஸ்கேன் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. குடித்திருக்கிறவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால் அவரை மற்றவர்களைவிடச் சீக்கிரமாக ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டும், நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது.

இன்னொரு ஏமாற்றும் நிலை உண்டு. காதுக்கு மேல் பொட்டெலும்பு மெல்லியது, அது உடைந்து உள்பக்கம் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்தால், விழுந்தவர் கொஞ்ச நேரம் மயங்கி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, டீ குடித்து, வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிடுவார். ஓரிரண்டு மணி நேரம் கழித்துத் தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் தூக்கமாக வரும், ஒரு பக்கத்துக் கண்மணி விரியும், அதோடு நினைவு போய்விடும். நேரத்தில் ஆபரேஷன் செய்தால் முழுசாகப் பிழைக்கக்கூடிய நிலை இது, அதனால்தான் மனது ஆறுவதில்லை. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, ஒரு கை கால் பலவீனம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ நீர் அல்லது ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கமாக இருப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், அது நேராக நுரையீரலுக்குப் போகும். கழுத்தையும் தலையையும் அசையாமல் பிடித்துத் தூக்குங்கள்.

கடலூர் பக்கத்தில் மோசமான தலைக்காயம் என்றால் மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து கோரிமேடு ஜிப்மருக்கு அனுப்புவது நமக்கெல்லாம் பழகின வழி. தூரம் என்னவோ 30 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அந்த வழியில் மூச்சுப் பாதையும் பிபியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தெரிந்தவர் காரில் மடியில் படுக்க வைத்துக்கொண்டு பறப்பது நல்லதில்லை. செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. சாலை விபத்துக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் மத்திய அரசுத் திட்டமும் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது.

சரி, ஆள் பிழைத்து வீட்டுக்கு வந்தாயிற்று. இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

வலிப்பிலிருந்து தொடங்குகிறேன், எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான். அடிபட்ட முதல் 7 நாளுக்குள் வரும் வலிப்பு வேறு, அதற்கப்புறம் வருவது வேறு. முதல் வாரத்தில் வருவது மூளையின் அப்போதைய கொந்தளிப்பு; அதைத் தடுக்கத்தான் கடுமையான காயத்துக்கு ஒரு வாரம் ஃபெனிடாயினோ லெவிடிராசிட்டமோ கொடுக்கிறார்கள். 7 நாளுக்குப் பின் தானாக வருவது மூளையில் ஆறின தழும்பிலிருந்து கிளம்புவது, ஒரு தடவை வந்தால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், அதனால் மாத்திரை தொடர்ந்து வேண்டியிருக்கும். முதல் வார மாத்திரை இந்தப் பிந்தைய வலிப்பைத் தடுப்பதில்லை என்பது 1990-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு வட்டாரத்து மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1998-இல் வெளியிட்ட கணக்கில், லேசான காயத்துக்கு 5 வருஷத்துக்குள் வலிப்பு வந்தவர்கள் 0.7 சதவீதம், நடுத்தரத்துக்கு 1.2, கடுமையானதற்கு 10 சதவீதம். 30 வருஷம் என்று பார்த்தால் கடுமையான காயத்தில் அது 16.7 ஆகிறது. அதாவது பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் அடிபட்டு வருஷங்கள் கழித்தும் சிலருக்கு வரும்.

வலிப்பு என்றால் கை கால் வெட்டி இழுப்பது மட்டும் இல்லை. பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று எங்கேயோ வெறித்துப் பார்ப்பார், வாயை மெல்லுவது போல அசைப்பார், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பார், கூப்பிட்டால் காதில் விழாது, ஒரு நிமிஷத்தில் சரியாகி என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. இதையும் வலிப்பு என்று சந்தேகித்துக் காட்ட வேண்டும், இதைத்தான் ‘கூப்பிட்டா கண்டுக்கவே மாட்டேங்கறான்’ என்று கோபமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரிய வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் ஊரில் இன்னும் போகவில்லை. இரும்பால் வலிப்பு நிற்காது. அது பெரும்பாலும் ஓரிரண்டு நிமிஷத்தில் தானாக நிற்கும், சாவி கொடுத்த நேரமும் அதுவும் ஒன்றாகிவிடுவதால் நம்புகிறோம். பல்லுக்கு நடுவில் கரண்டி வைத்தால் பல் உடையும். பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, ஆம்புலன்ஸ். மாத்திரையை ‘ஆறு மாசமா வரலையே’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், சட்டென்று நிறுத்துவதே நிற்காத வலிப்பைக் கொண்டுவரும். வலிப்பு வந்தவர் டாக்டர் சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது, தென்னை பனை ஏறக்கூடாது, தேவனாம்பட்டினத்திலிருந்தோ தாழங்குடாவிலிருந்தோ படகில் தனியாகப் போகக்கூடாது. பிழைப்பே அதுதான் என்கிறவருக்கு இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடுத்தது பெரியவர்களுக்கு வருவது. அரியாங்குப்பத்தில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர், கிணற்றடியில் வழுக்கித் தலையை லேசாக இடித்துக்கொண்டார். வீக்கம் கூடப் பெரிதாக இல்லை. ஒரு மாதம் கழித்து நடை தள்ளாட ஆரம்பித்தது, பேரன் பேரை மாற்றிச் சொன்னார், சாப்பிடும்போது கரண்டி கை நழுவியது. வயசு என்றார்கள், பிறகு பக்கவாதம் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டார்கள். விழுந்தாரா என்று கேட்டதற்கு யாருக்கும் ஞாபகமே இல்லை. மருமகள்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கிணற்றடியைச் சொன்னார். ஸ்கேனில் மூளைக்கும் மேலுறைக்கும் நடுவே பழைய ரத்தம் தேங்கியிருந்தது. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கி, உறைக்கும் அதற்கும் இடைவெளி கூடி, குறுக்கே போகும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சின்ன இடி போதும், ஒன்று அறுந்து சொட்டுச் சொட்டாகக் கசியும், வாரக்கணக்கில் சேரும். மண்டையில் சின்னத் துளை போட்டால் பழைய என்ஜின் ஆயில் மாதிரி கறுப்பாக வெளியே வரும், பல பேர் சில நாளிலேயே பழையபடி பேசி நடக்கிறார்கள். பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு மறுபடி சேரலாம், அதனால் ஆபரேஷனுக்குப் பிறகும் கவனம் வேண்டும். ஒரு பெரியவருக்கு மறதியோ தள்ளாட்டமோ சில வாரத்துக்குள் திடுதிப்பென்று வந்தால், முந்தின இரண்டு மூன்று மாதத்தில் எங்காவது விழுந்தாரா என்று வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின், அசிட்ரோம் என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர் விழுந்தால் காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். அதற்காக அந்த மாத்திரைகளை நீங்களே நிறுத்திவிடவும் கூடாது.

மூக்கில் நீர் வருவதைச் சளி என்று விட்டுவிடுவது இன்னொன்று. மண்டையின் அடித்தளம் உடைந்தால் மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியாகவோ காது வழியாகவோ கசியும். தெளிவாகத் தண்ணீர் மாதிரி, பெரும்பாலும் ஒரு துவாரத்தில் மட்டும், குனிந்தால் அதிகமாகச் சொட்டும், தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்த வழியே கிருமி உள்ளே ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம், சிலருக்கு மாதங்கள் கழித்தும். பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், மூக்கைச் சிந்தாதீர்கள்; காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மூளை வீக்கத்துக்கு மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து, அந்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்து அனுப்புகிறார்கள். முதல் தடவை கேள்விப்படும் குடும்பங்கள் பயந்துபோய்விடுகின்றன, ஆனால் அது எலும்பைக் கெடாமல் வைக்கும் நல்ல வழி. எடுத்த பக்கத்தில் மூளைக்கு மேல் தோல் மட்டும்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் படுக்கக் கூடாது, விழக் கூடாது, நடக்க ஆரம்பித்ததும் தலைக்குக் காப்பு போட்டுக்கொள்வது நல்லது. வீக்கம் வற்றின பிறகு அந்த இடம் உள்வாங்கும். சிலருக்கு அதிகமாகக் குழிந்து, உட்கார்ந்தால் தலைவலி, மந்தம், நன்றாக இருந்த கை மறுபடி பலவீனம் என்று பின்னுக்குப் போகும், படுத்தால் கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். எலும்பைத் திரும்ப வைத்ததும் பெரும்பாலும் இது சரியாகிறது. எலும்பு வைக்கச் சொன்ன தேதியை ‘இன்னொரு ஆபரேஷனா’ என்று பயந்து வருஷக்கணக்கில் தள்ளுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

மூளை நீர் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் சுரந்து, அதே அளவு ரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. கசிந்த ரத்தம் அந்த உறிஞ்சும் வழியை அடைத்தால் நீர் உள்ளே தேங்கும். வாரங்கள் மாதங்கள் கழித்து, தேறிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றுவிடுவார். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போலச் சின்னச் சின்ன அடியாக நடப்பார், சிறுநீர் தெரியாமல் போகும், பேச்சு குறையும். எனக்கு இதுதான் முக்கியமான எச்சரிக்கை. பிசியோவில் வாரா வாரம் முன்னேறிய ஆள் காரணமில்லாமல் பின்னால் போகிறார் என்றால் பயிற்சியைக் கூட்டுவதில் பயனில்லை, ஸ்கேன் எடுக்க அனுப்ப வேண்டும். ஷண்ட் என்ற மெல்லிய குழாயைத் தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் போட்டு நீரை வடிப்பார்கள். ஷண்ட் இருக்கிறவருக்குத் தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம், காய்ச்சல் வந்தால் அது அடைத்திருக்கிறதா, கிருமி பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

படுக்கையில் இருப்பவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது நான் தினமும் கை வைக்கும் விஷயம். படுக்கைப் புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும், ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் புரட்ட வேண்டாம் என்பது தவறான நினைப்பு. மூக்கு டியூபில் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். படுத்த வாக்கில் கொடுத்தால் நுரையீரலில் ஏறி நிமோனியா ஆகும், தலைக்காயத்தில் பிழைத்தவர்கள் பின்னால் இறந்துபோவதில் நிமோனியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அந்தக் காலைத் தேய்த்துவிடக் கூடாது, உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தொண்டையில் துளை போட்டிருந்தவருக்கு டியூபை எடுத்து வாரங்கள் கழித்து மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தால், வீசிங் என்று நெபுலைசர் மட்டும் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். டியூப் இருந்த இடத்தில் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்க வேண்டும்.

அப்புறம் எண்ணெய் போட்டு இழுத்துவிடுவது. மூளைக்காயத்தில் தசைகள் விறைத்துக்கொள்ளும், கை மடங்கும், குதிகால் தூக்கிக்கொள்ளும். குடும்பத்தார் யாரையாவது கூட்டிவந்து பலமாக நீவி இழுக்கச் சொல்கிறார்கள். விறைத்த தசை வேகமாக இழுக்க இழுக்க இன்னும் விறைக்கும், மெதுவாக நீட்டிப் பிடித்துக்கொண்டால்தான் தளரும். அதோடு, கோமாவில் நீண்ட நாள் இருந்தவர்களில் சிலருக்கு இடுப்பு, முழங்கை, முழங்கால், தோள் மூட்டைச் சுற்றித் தசைக்குள் புது எலும்பு வளரும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் மரத்திலிருந்து விழுந்த ஒரு இளைஞருக்கு இடுப்பு மூட்டு சூடாக, கொஞ்சம் வீங்கி, முன்பைவிடக் குறைவாக மடங்கியது. சுளுக்கு என்று நினைத்து தினமும் நீவிக்கொண்டிருந்தார்கள், எக்ஸ்-ரேயில் மூட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது. அந்த வயதில் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போவது என்ன வேதனை என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், மூட்டு அசைவு திடீரென்று குறைந்தால் கை வைப்பதற்கு முன் படம் எடுங்கள். விறைப்புக்குப் பேக்லோஃபென் மாத்திரை, போட்டாக்ஸ் ஊசி என்று வழிகள் இருக்கின்றன, பிசியோ மட்டும் போதும் என்று நானே சொல்ல மாட்டேன்.

இன்னும் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது சிலருக்குத் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்து, நாடித் துடிப்பு ஏறி, பிபி ஏறி, காய்ச்சல் அடித்து, கை கால் விறைத்து நிற்கும், அரை மணியில் அடங்கும், மறுபடி வரும். மூளையின் கட்டுப்பாடு விட்டுப்போன தானியங்கி நரம்புகள் தறிகெட்டு ஓடுவதுதான் இது. கிருமித் தொற்றோ வலிப்போ இல்லையென்று பார்த்துவிட்டு அதற்கென்று மருந்து கொடுப்பார்கள்.

உப்புச் சத்தைப் பற்றி யாரும் வீட்டில் சொல்வதில்லை. தலைக்காயத்துக்குப் பிறகு ரத்தத்தில் சோடியம் குறைவது சகஜம், குறைந்தால் குழப்பம், வாந்தி, வலிப்பு வரும். வீட்டில் உப்பைக் கூட்டியோ தண்ணீரைக் குறைத்தோ நீங்களாக வைத்தியம் பார்க்க முடியாது, ஏனென்றால் ஒரு வகையில் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இன்னொரு வகையில் உப்பும் தண்ணீரும் ஏற்ற வேண்டும், அதைப் பரிசோதனைதான் சொல்லும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டால் மாதங்கள் கழித்து ஹார்மோன் குறைவு தெரியும். எந்நேரமும் களைப்பு, எடை மாற்றம், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது, ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் நாட்டமில்லாமல் போவது. நடுத்தர, கடுமையான காயம் பட்டு ஒரு வருஷம் ஆகியும் காரணம் தெரியாத களைப்பு இருந்தால் தைராய்டு, கார்ட்டிசால் உட்பட ஹார்மோன் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டார்.

ஒரு கண் மட்டும் சிவந்து, பிதுங்கி, தலைக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து புஸ் புஸ் என்று சத்தம் கேட்டால், அதுவும் அடிபட்டுச் சில வாரம் கழித்து வந்தால், சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் தமனி கிழிந்து சிரையோடு சேர்ந்திருக்கலாம்; தாமதித்தால் பார்வை போகும், ரத்தக்குழாய் வழியாகவே போய் அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. படுக்கையில் புரண்டால் மட்டும் சில நொடி உலகமே சுற்றுவது அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, உள்காதில் நுண்துகள் இடம் மாறியிருக்கும், தலையை ஒரு முறைப்படி திருப்பிச் செய்யும் பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாசனை போவதை நோயாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மூக்கின் மேல்கூரையில் சல்லடை மாதிரி எலும்பு இருக்கிறது, அதன் துளைகள் வழியே வரும் வாசனை நரம்புகள் மூளை ஆடும் வேகத்தில் அறுந்துவிடும். முதுநகரில் மீன் விற்கும் ஒரு அம்மா ஸ்பீடு பிரேக்கரில் வண்டியின் பின்சீட்டிலிருந்து மல்லாக்க விழுந்தவர். எல்லாம் தேறிவிட்டது, சங்கராவையும் வஞ்சிரத்தையும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் இப்போது எடுக்கிறார், மூக்கு எதையும் சொல்வதில்லை. அவர் வீட்டில் கேஸ் கசிந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. வாசனை போனவர் வீட்டில் கேஸ் கசிவு அலாரம் ஒன்று மாட்டுங்கள், ராத்திரி ரெகுலேட்டரை மூடுங்கள், பழைய சாப்பாட்டை வேறு யாராவது முகர்ந்து பார்த்துக் கொடுங்கள்.

கடைசியாக, குடும்பங்களை அதிகம் உடைப்பது குணமாற்றம். மூளையின் முன்பகுதிதான் கோபத்தை அடக்குவது, யோசித்துப் பேசுவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது, கரடுமுரடான எலும்பின் மேல் உட்கார்ந்திருப்பதால் அடியும் அங்கேதான் அதிகம் விழுகிறது. நடக்கிறார், சாப்பிடுகிறார், ஸ்கேன்கூட முன்பைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் சின்ன விஷயத்துக்குத் தட்டைத் தூக்கி எறிகிறார், யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார், இல்லையென்றால் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், குளிக்கக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமியார் வீட்டில் ‘உட்கார்ந்து சாப்பிடப் பழகிட்டான்’ என்று பேசுகிறார்கள், மனைவி எல்லாப் பக்கமும் அடி வாங்குகிறார். அவருக்குச் சோம்பல் இல்லை, தொடங்கவைக்கும் பகுதி காயப்பட்டிருக்கிறது. திட்டினால் பலன் இல்லை. எழுந்ததும் என்ன, அடுத்து என்ன என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்வது, டிவியை அணைத்துவிட்டுப் பேசுவது, இதெல்லாம் உதவுகிறது. மனச்சோர்வும் தூக்கக் கெடுதலும் இந்தக் காயத்தின் சிக்கல்களிலேயே சேர்ந்தவை, மனநல டாக்டரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலும் அதை லேசாக விடாமல் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையாவது கூப்பிடுங்கள். குடி வேண்டவே வேண்டாம். காயப்பட்ட மூளைக்குக் கொஞ்சம் சாராயமும் அதிகம், வலிப்பையும் கொண்டுவரும், மறுபடி விழவும் வைக்கும்.

ஸ்கேன் நார்மல் என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் மறக்கக்கூடாது. தலைவலி, வெளிச்சம் பிடிக்காமை, படிப்பில் கவனம் நிற்காமை சில வாரம் இருக்கலாம், அவர்கள் நடிக்கவில்லை. முதல் ஓரிரண்டு நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பு, அதற்கப்புறம் விளையாட்டு. அறிகுறி முழுக்கப் போவதற்குள் கபடிக்கோ கிரிக்கெட்டுக்கோ அனுப்பி மறுபடி அடிபட்டால் மூளை வீங்குவது அபூர்வம்தான், ஆனால் நடந்தால் மிக மோசமாக முடியும்.

இவ்வளவையும் கவனிக்க வீட்டில் ஒரு ஃபைல் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்களும் அவை பதிந்த சி.டி. தட்டும், மாத்திரைச் சீட்டு, கூடவே எந்தத் தேதியில் என்ன மாற்றம் என்று குறித்த ஒரு நோட்டு. எலும்பு வயிற்றில் இருக்கிறது, ஷண்ட் இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார் என்பதை ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸிலும் வைத்துவிடுங்கள். விபத்து இழப்பீட்டு வழக்கில் இனி ஆகப்போகும் மருத்துவச் செலவையும் கேட்க முடியும், அதற்கும் இந்தக் காகிதங்கள்தான் ஆதாரம். எலும்பு வைக்கும் ஆபரேஷனும் வலிப்பு மாத்திரையும் கணக்கில் வராமல், வந்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் வக்கீலிடம் போகும்போது இந்த ஃபைலையும் எடுத்துப் போங்கள்.